வாமதேவன் கரையிறங்கிய படலம்

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் வாமதேவனை விடக் கெட்டிக்காரன் இல்லை. இது வாமதேவனின் அபிப்பிராயம். வேறு யாரும் இதை ஆதரித்ததாகத் தெரியவில்லை.

அவருடைய மச்சான் பாலேந்திரா ஜெர்மனியில், டோர்ட்முண்டில் இருக்கிறார். இளைய மகள் ஜதுர்ஷிகா பெரியபிள்ளையாகிவிட, அவளுடைய சாமத்திய வீட்டுக்கு ஜூன் கடைசிச் சனிக்கிழமையில் நாள் வைத்திருந்தார். மச்சான் வீட்டுக் கொண்டாட்டம் என்றாலே வாமதேவனுக்கு ஆகாது. மூத்தவளுக்குச் செய்தபோது பிள்ளையை யானைப் பொம்மையில் ஏற்றி, புகைவிட்டு, வீடியோக்காரன் எல்லோரையும் விரட்டிய விரட்டில் இவர் பந்திக்குப் போவதற்குள் சோறு முடிந்துவிட்டது. படம் பிடிக்கவே பிள்ளை பெறுகிற சனம் என்று அன்றிலிருந்து திட்டிக்கொண்டு திரிகிறார்.

ஆகவே இம்முறை போவதில்லை என்று ஒரு சபதம். அதே கிழமைக்கு ரைன் நதியில் கப்பல் பயணம் பதிந்தார். பிறகுதான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மனைவி நகுலேஸ்வரியிடம் போனார்.

“நகுலா, பிழை விட்டிட்டன். திகதியைப் பார்க்காமல் உமக்கெண்டு கப்பலுக்குப் போட்டிட்டன். மாத்தவும் ஏலாதாம்.”

“அண்ணையின்ர பெட்டைக்கு நான்தானே மாமி! நானில்லாமல் ஆர் ஆராத்தி எடுக்கிறது?”

“என்ன செய்யிறது? மாமி வருமட்டும் கப்பல் நிக்குமே?”

நகுலேஸ்வரி அழவில்லை. சட்டி பானையை உருட்டவில்லை. புத்தியுள்ளவன் என்றால் அப்போதே பயந்திருப்பான்.

“சனிக்கிழமை கப்பல் எங்க நிக்கும்?”

“கோப்லென்ஸில. ரோமர் காலத்து ஊர். பழைய கோட்டை, கோயில், ரெண்டு ஆறு கலக்கிற இடம். பகல் முழுக்க நிண்டு பார்க்கலாம்.”

“ஓம், வடிவான இடம் போல. போவம்.”

மனுசிக்குச் சரித்திரத்தில் ஆசை பிறந்துவிட்டது என்று வாமதேவன் பூரித்தார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். சனிக்கிழமை வரைக்கும் இது தாங்கியதே பெரிய காரியம்.

“இந்தச் சூட்கேசுக்குள்ள என்னத்தை அடைச்சிருக்கிறீர்? கல்லே?” என்று புறப்படும் நாளில் கேட்டார்.

“ஆத்துக் காத்துக் குளிரும். உடுப்பு.”

அவரே இழுத்தார். அவரே தூக்கினார்.

கப்பலில் காலை நீட்டிக்கொண்டு கோப்பி குடித்தார். “பாரும், ஒரு சொந்தக்காரனும் ஏற ஏலாத இடம்!”

“ஓம், ஏற ஏலாதுதான்,” என்றாள் நகுலேஸ்வரி.

சனிக்கிழமை காலை கோப்லென்ஸ் வந்தது. வெள்ளைக்காரக் கிழவர்கள் கோட்டை பார்க்க வரிசையாக இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் வாமதேவனும் அரைக் காற்சட்டையும் தொப்பியுமாகப் படியில் கால் வைத்தார்.

கரையில் மேளம் முழங்கியது.

சிவப்புக் கம்பளம். குத்துவிளக்கு. நிறைகுடம். பட்டு வேட்டியில் பாலேந்திரா, கையில் மாலை. தலைக்கு மேலே ட்ரோன் ஒன்று இலையான் மாதிரி இரைந்தது. கோட்டை பார்க்க வந்த கிழவர்கள் கோட்டையை விட்டுவிட்டு இவரைப் படம் பிடித்தார்கள்.

வாமதேவன் திரும்பி ஓடப் பார்த்தார். வழியை மறித்துக்கொண்டு காஞ்சிபுரச் சேலையில் நகுலேஸ்வரி நின்றாள். சூட்கேசின் பாரம் அவருக்கு இப்போது விளங்கியது.

“நீங்கள் கப்பலுக்குப் போட்ட அண்டைக்கே அண்ணைக்குச் சொல்லிப்போட்டன். அவர் மண்டபத்தை இஞ்ச மாத்திப்போட்டார். மாமா கப்பலில வந்திறங்கின சாமத்திய வீடு ஐரோப்பாவிலேயே ஒருத்தரும் செய்யேல்லையாம். நல்ல யோசனை எண்டு அண்ணை உங்களைத்தான் புகழுறார்.”

பல்லைக் கடித்துக்கொண்டு கம்பளத்தில் நடந்தார். கழுத்தில் மாலை விழுந்தது. எப்படியோ முடிந்தது என்று அவர் மூச்சுவிடும்போது வீடியோக்கார றொஜன் கையை உயர்த்தினான்.

“மாமா, சிரிக்கேல்லை! திரும்பக் கப்பலுக்குப் போய், மாமி சூட்கேசில கொண்டு வந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு இன்னொருக்கால் இறங்குங்கோ!”