மாடியில் எத்தனை பேர்?

தாராவியில் ஃபைலோடு சந்துக்குள் நுழைகிற எல்லாரும் ஒரே ஆபீஸிலிருந்து வருகிறவர்கள் இல்லை. இது புரிய எனக்கு அறுபது வயசு தாண்ட வேண்டியிருந்தது. (படிப்பு கம்மி. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு வாசிப்பேன். அதுக்கு மேல தேவையும் படல.)

என் வீடு கீழே ஒரு ரூம், மேலே ஒரு ரூம். ஏறிப் போக வெளியே இரும்பு ஏணி. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு மகன் முருகேசன் மேலே குடும்பத்தோடு இருந்தான். அப்புறம் முலுண்டில் பிளாட் வாங்கிப் போய்விட்டான். ரூம் சும்மா கிடந்தது.

அப்போதுதான் எஸ்தர் வந்தாள். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண். இங்கே கன்னியாஸ்திரிகள் நடத்துகிற காலேஜில் டீச்சர் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது, ஹாஸ்டலில் கிடைக்கவில்லை. வெளியே தங்கலாம். ஆனால் ஒரு சிஸ்டர் நேரில் வந்து பார்த்து, இந்த வீடு சரி என்று சொல்ல வேண்டும். அவர்கள் சட்டத்தை எஸ்தர் எனக்கு வாசித்துக் காட்டினாள். வீட்டில் ஆண்கள் குடியிருக்கக் கூடாது. வயதான பெண் ஒருத்தி கூட இருக்க வேண்டும். இரவு எட்டு மணிக்குக் கதவை அடைத்துவிட வேண்டும்.

"இந்த வாரம் வீடு அமையலைன்னா காலேஜ் இடம் போயிரும் பெரியம்மா. ஊருக்குத்தான் திரும்பணும்."

"ஏட்டி, இந்தச் சட்டத்தை என் வீட்டைப் பாத்துத்தான் எழுதியிருக்காவ. நீ எங்கயும் போவ மாட்ட" என்றேன்.

சொன்னால் சொன்னதுதான். வீட்டைக் கழுவினேன். ஏணியைக்கூடப் புளி போட்டுத் தேய்த்தேன். (இரும்புக்குப் புளி எதுக்குன்னு கேக்காதீங்க. அன்னைக்கு அப்படி ஒரு வேகம்.) ஒன்றை மட்டும் சுத்தமாக மறந்துபோனேன்.

கொஞ்ச நாள் முன்னால், தாராவியை இடித்துப் புது வீடு கட்டித் தருவதற்காக வீடு கணக்கெடுக்க சர்வேக்காரர்கள் வருகிறார்கள் என்று பேச்சு. மாடியில் தனிக் குடும்பம் இருந்தால் தனி வீடாக எழுதி, அதுக்கும் ஒரு புது வீடு தருவார்களாம். நான் விடுவேனா? சந்து முழுக்கப் பாடம் எடுத்திருந்தேன். "ஃபைலோட யாரு வந்து கேட்டாலும், மேல முருகேசன் குடும்பம் இருக்குன்னு சொல்லணும். வாடகைக்கு ஒருத்தரும் இல்ல." எதிர்வீட்டு இட்லிக்கடை செல்லம்மாளை ஒப்பிக்கவே வைத்தேன். (என்னை மயினின்னு, அண்ணன் பொண்டாட்டி முறையில கூப்பிடுறவ.)

சிஸ்டர் வந்தார். மலையாளத்துக்காரர், கையில் குடை, கக்கத்தில் ஃபைல். உட்கார்ந்ததும் சுவரில் மாலை போட்டிருந்த போட்டோவைப் பார்த்தார்.

"என் வீட்டுக்காரரு. போயிட்டாரு" என்றேன்.

"அப்போ, ஆண்கள் யாரும் இல்லையல்லோ?"

"கொசு இருக்கு சிஸ்டர். ஆம்பள இல்ல."

சிஸ்டர் சிரித்தார். எஸ்தர் முகத்தில் டியூப்லைட் எரிந்தது. நான் பெருமையாகக் காப்பி போடத் திரும்பினேன். சிஸ்டர் ஏணியைப் பார்க்க வெளியே போனார். அங்கேதான் வினை.

டம்ளரோடு நான் வாசலுக்கு வரும்போது செல்லம்மாள் மாவுக் கையை முந்தானையில் துடைத்தபடி ஒப்பித்துக்கொண்டிருந்தாள். "மேல முருகேசன் இருக்காவ. பொண்டாட்டி, ரெண்டு பயலுவ, மச்சினன் ஒருத்தன்."

மச்சினன் என் பாடத்திலேயே இல்லை. பாசத்தில் அவளாகச் சேர்த்தது.

பக்கத்துத் தோல் பட்டறைச் சுடலை பார்த்தான், நாம் குறைந்துபோகக் கூடாதென்று. "என்னையும் எழுதிக்கோங்க மேடம். நானும் மேலதான் படுக்கேன்."

சிஸ்டர் எஸ்தரைக் காட்டினார். "இந்தப் பெண்?"

"இவளா? நாங்க பாத்ததே இல்லையே!" என்றாள் செல்லம்மாள். (காலையில் அவ கடையிலதான் அந்தப் புள்ள இட்லி தின்னுச்சு.)

நான் கண்ணைக் காட்டினேன். 'இன்னும் பத்தாது' என்கிறேன் என்று செல்லம்மாள் எடுத்துக்கொண்டாள். "மயினி வீட்டுக்காரரும் மேலதான் இருக்காவ. இப்பத்தான் சாப்ட்டுட்டு ஏறுனாவ. படுத்திருப்பாவ."

சிஸ்டர் மெல்லத் திரும்பி, வாசல் வழியாக அந்த மாலை போட்ட போட்டோவைப் பார்த்தார். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். ஃபைலை மூடினார்.

எஸ்தர் அழவில்லை. பையைத் தோளில் மாட்டினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சிஸ்டரின் குடையைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை. நடுச்சந்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"மேல ஒரு ஆளும் இல்ல! முருகேசன் முலுண்டுல இருக்கான்! மச்சினனே கிடையாது! என் புருஷன் செத்துப்போயிட்டான்!"

பட்டறை மிஷின்கூட நின்றுவிட்டது. செல்லம்மாள் பதறி வந்து காதைக் கடித்தாள். "மயினி, வாயை மூடுங்க. தனி வீடு போயிரும்!"

"போனா போவட்டும்ட்டி. இந்த சிஸ்டர் சர்வேக்காரி இல்ல, காலேஜு! புள்ளைக்குப் படிப்பு போயிரும்!"

சிஸ்டரைக் கையைப் பிடித்து ஏணியில் ஏற்றினேன். மேலே ஒரு பாய், ஓடாத ஃபேன், முருகேசனின் பழைய கிரிக்கெட் மட்டை. சிஸ்டர் கட்டிலுக்கடியில் தேட நினைத்திருப்பார், கட்டிலே இல்லை. நான் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இறங்கியதும் முகத்தைக் கறாராக்கிக்கொண்டு, "சரி. ஆனா ஆண்கள் யாரும் இந்த வாசல் தாண்டக் கூடாது. மகன் ஆனாலும்" என்றார்.

"என் வாக்கு" என்றேன்.

எஸ்தர் படித்து முடித்து இப்போது செம்பூரில் டீச்சர். அவளுக்குப் பின்னால் வந்த பெண்ணை சிஸ்டரே அனுப்பிவைத்தார். அதனால் முருகேசன் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் வாசலுக்கு வெளியே ஸ்டூலில்தான் காப்பி குடிக்கிறான். மழை பெய்தால் குடை கொடுப்பேன்.

சந்துக்குள் ஃபைலோடு யாராவது தலைகாட்டினால் போதும், செல்லம்மாள் இட்லிக் கொப்பரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுப்பாள். "மயினி, இன்னைக்கு மாடியில எத்தனை பேரு?"

ஸ்டூலில் இருந்து முருகேசன் சொல்வான். "அப்பா மட்டும்தான் அத்தை!"