நான் போகாத சவூதி

ஓர் உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். என் வாழ்நாளில் நான் ஒரு பாலைவனத்தையும் நேரில் கண்டதில்லை. ஒட்டகத்தைக்கூடத் தொலைக்காட்சியில்தான் பார்த்திருக்கிறேன். இருந்தும் எங்கள் உறவினர்களில் பாதிப் பேர், நான் சில காலம் சவூதியில் வேலை செய்தவள் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வார்கள். அதற்குக் காரணம் நான் எடுத்த படங்கள். அவ்வளவு தத்ரூபமாக எடுத்திருந்தேன் (தன்னடக்கத்தோடு எழுதலாம் என்றுதான் தொடங்கினேன், வரவில்லை).

ஆறு வருடங்களுக்கு முன் நடந்த கதை இது. அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. இத்தாலியில், பலெர்மோவின் பழைய நகரத்தில், நான்கு மாடிக் கட்டடமொன்றின் உச்சியில் தனியாக வாழ்ந்த ஓர் இத்தாலிய அம்மாவின் வீட்டில் (அங்கே சின்யோரா என்பார்கள்) வேலை பார்த்தேன். சமையலறை, இரண்டு குளியலறைகள், பதினான்கு யன்னல்கள், இவை போதாதென்று ஒரு பெரிய மொட்டைமாடி. வசந்த காலம் வந்தால் தெற்கிலிருந்து ஷிரோக்கோ என்ற சூடான காற்று அடிக்கும். அது சகாராவிலிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு கடலைத் தாண்டி வந்து, நான் முதல் நாள் கழுவித் துடைத்த தரையில் கொட்டிவிட்டுப் போகும். அதற்குப் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியும் இல்லை, விசாவும் இல்லை. நாங்கள் எல்லாம் ஒரு துண்டுக் காகிதத்துக்காகக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலக வாசலில் விடியற்காலையிலேயே வரிசையில் நிற்க, இந்த மண் மட்டும் நினைத்த நேரத்தில் வந்து இறங்கும். அதனால் எனக்கு அதன்மேல் கொஞ்சம் கோபமும் இருந்தது.

ஒருநாள் காலை தரையைக் கூட்டத் தும்புத்தடியோடு குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அந்தச் செம்மண்ணில் ஒரு பல்லி நடந்து போயிருந்தது. இரண்டு பக்கமும் குஞ்சுக் காலடிகள், நடுவில் வால் இழுபட்ட ஒரு கோடு. முழந்தாளிட்டு, ஃபோனைத் தரையோடு தரையாக வைத்து ஒரு படம் எடுத்தேன். திரையில் தெரிந்தது சின்யோராவின் மொட்டைமாடி அல்ல. யாரோ தன்னந்தனியாகக் கடந்துபோன ஒரு மகா பாலைவனம். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அன்றைக்குப் பிடித்ததுதான் அந்தப் பைத்தியம். கூட்டிய மண்ணை எறியாமல் ஒரு பழைய பேக்கிங் தட்டில் கொட்டி, தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். தினமும் ஒரு படம் என்று எனக்கு நானே சட்டம் போட்டேன். காற்று ஒவ்வொரு நாளும் அந்தத் தட்டில் புதிதாக எதையாவது எழுதி வைத்திருக்கும். ஒரு நாள் அலை அலையாக மணல்மேடுகள். இன்னொரு நாள் நாலு துளி மழை விழுந்து, நிலவில் இருப்பதுபோன்ற பள்ளங்கள். தன்னைவிடப் பெரிய புல்விதையை இழுத்துக்கொண்டு மேடேறிய ஓர் எறும்பு, மூன்று முறை சறுக்கி விழுந்து நாலாவது முறை ஏறிவிட்டது. அதைப் பார்த்து நான் தனியாக நின்று கைதட்டினேன். அந்த நாட்களில் நான் சந்தோசமாக இருந்தேன். ஒரு முழப் பாலைவனத்துக்கு ராணியாக இருந்தேன்.

ராணி சும்மா இருப்பாளா? படங்களை ஒவ்வொரு நாளும் வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். 'பாலைவனம், நாள் ஒன்று.' 'பாலைவனம், நாள் இரண்டு.' அவ்வளவுதான், வேறு ஒரு சொல் கிடையாது. கலைஞர்கள் தங்கள் படைப்புக்கு விளக்கம் சொல்லக்கூடாது என்று எங்கேயோ வாசித்திருந்தேன் (எழுதியவர் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்பேன்).

நாற்பதாவது நாளளவில் எங்கள் ஊரான சுன்னாகத்திலிருந்து சின்னம்மா அழைத்தார். அம்மாவும் அப்பாவும் போனபிறகு என் தங்கை துளசி அவர் வீட்டில்தான் வளர்ந்தாள். துளசிக்கு அப்போது கொடிகாமத்தில் ஒரு சம்பந்தம் பேசி, கிட்டத்தட்ட முடிந்திருந்தது. நான்கு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய என் தங்கை, ஐந்தாவதாக வந்த இந்த ஆசிரியருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் குசினிக்குத் திரும்பியதுமே எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: 'அக்கா, இவர் சரி.' இப்படி ஒரு சொல்லை அவள் வாயிலிருந்து வாங்க நாங்கள் மூன்று வருடம் காத்திருந்தோம்.

சின்னம்மா சுகம்கூட விசாரிக்கவில்லை. "வசந்தி, நீ இப்ப எங்கை நிக்கிறாய்? உண்மையைச் சொல்லு" என்றார்.

மாப்பிள்ளையின் தாய் என் ஸ்டேட்டஸ்களை நாள் தவறாமல் பார்த்து வந்திருக்கிறார். நாற்பது நாளும் மணல், மணல், மணல். அக்கா இத்தாலியில் என்று சொல்லிச் சம்பந்தம் பேசிவிட்டு, அவள் சவூதியில் அல்லவா வீட்டு வேலை செய்கிறாள், இதை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டுவிட்டாராம். எங்கள் ஊரில் இதற்குத் தனியாக ஒரு கணக்கு உண்டு. இத்தாலியில் கக்கூஸ் கழுவினால் 'வெளிநாட்டில் இருக்கிறா'. சவூதியில் கழுவினால் 'பாவம், வேலைக்குப் போயிருக்கிறா'. கழுவுகிற கை ஒன்றுதான், மருந்துகூட ஒரே வாசம்தான். ஆனால் சம்பந்தம் பேசும்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு கடலே இருக்கிறது.

காகிதம் காட்டலாம் என்றால் என் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் கொடுபட்டிருந்தது. கையில் இருந்தது ரசீது மட்டும். அதோடு, கணினியில் எதையும் செய்து காட்டக்கூடிய பிள்ளைகள் நிறைந்த ஊரில் ரசீதை யார் நம்புவார்கள்? ஊரையே வீடியோவில் காட்டுவது என்று முடிவானது. வெள்ளிக்கிழமை, இராகு காலம் கழிந்து பகல் ஒரு மணி, பலெர்மோவில் காலை ஒன்பதரை. மாப்பிள்ளையும் தாயும் சின்னம்மா வீட்டுக்கே வருவார்கள். நான் மொட்டைமாடியில் நின்று நகரத்தைச் சுற்றிக் காட்ட வேண்டும், பிரச்சினை முடிந்தது. நான் கொஞ்சமும் பதறவில்லை. படம் காட்டுவதில் என்னை யார் வெல்வது?

வெள்ளிக்கிழமை காலை கதவைத் திறந்தேன். பலெர்மோவைக் காணவில்லை.

அந்த வருடத்தின் மிக மோசமான ஷிரோக்கோ அன்றைக்கென்று வந்திருந்தது. வானம் செம்மஞ்சளாய்த் தோடம்பழ நிறம். மலையும் இல்லை, கடலும் இல்லை. கீழே தெருவில் இரண்டு பேரீச்சை மரங்கள் மட்டும் மண்காற்றில் தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தன. வேறு நாள் வைப்போமா என்று சின்னம்மாவைக் கேட்டேன். இப்போது பின்வாங்கினால் மானம் போகும் என்றார். அதுவும் உண்மைதான். ஃபோன் அடித்தது.

திரையில் நால்வரும் வரிசையாக இருந்தார்கள். துளசி நல்ல சேலை கட்டி, கண்ணை அகல விரித்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்த முகத்தோடு, "மாமி, இதுதான் பலெர்மோ" என்று ஃபோனைத் திருப்பினேன். திரை முழுக்க மண்காற்று மட்டும்தான். கட்டடம் ஏதாவது தெரிந்தால் போதும் என்று சுற்றிப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு பழைய தேவாலயம் இருந்தது, அது மட்டும் தூசிக்குள் மங்கலாகத் தெரிந்தது. கடவுளே என்று அதைக் காட்டினேன். ஆனால் அது பலெர்மோத் தேவாலயம். இங்கே பழங்காலத்தில் அரபிகள் ஆண்டார்கள், பிறகு வந்தவர்கள் அந்த வேலைப்பாட்டை விரும்பி அப்படியே தொடர்ந்து கட்டினார்கள். கூரையில் வரிசையாக மூன்று சிவப்புக் குவிமாடங்கள். சிலுவையைத் தூசி மறைத்துவிட்டது.

"பள்ளிவாசல்" என்றார் சின்னம்மா. அவர் அதை இரகசியமாகச் சொன்னதாக நினைத்தார். எல்லோருக்கும் கேட்டது.

இல்லை, இது சேர்ச், ஆயிரம் வருடப் பழையது என்று நான் வரலாறு சொல்லத் தொடங்கிய நேரத்தில் சின்யோரா வெளியே வந்தார். மண் படாமல் தலை, வாய், மூக்கு எல்லாவற்றையும் கறுப்புச் சால்வையால் சுற்றியிருந்தார். இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. கதவை மூடு, வீட்டுக்குள் மண் போகிறது என்று கத்தினார். அவர் கத்தியது அசல் இத்தாலியன். ஆனால் வாயைக் கட்டிக்கொண்டு கத்தினால் எல்லா மொழியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சின்னம்மா நெஞ்சில் கை வைத்தார்.

இனி எழுத்தில்தான் காட்ட வேண்டும் என்று நான்கு மாடிப் படிகளையும் தாவி இறங்கி ஒழுங்கைக்கு ஓடினேன். தெருப் பெயர்ப் பலகையை யாரும் மறுக்க முடியாதல்லவா? நான் தினமும் கடந்துபோகும் பலகைதான். ஒரு நாளும் நின்று வாசித்ததில்லை. நாற்பது நாள் எறும்பை உற்றுப் பார்த்தவள், தலைக்கு மேலே இருந்த பலகையைப் பார்க்கவில்லை. மூச்சு வாங்க ஃபோனை உயர்த்திப் பிடித்து, "வடிவாப் பாருங்கோ, என்ன எழுதியிருக்கு?" என்று வெற்றிக் குரலில் கேட்டேன். பலெர்மோவின் பழைய பகுதியில் சில ஒழுங்கைகளுக்குப் பலகையில் மூன்று மொழி. இத்தாலியன், ஹீப்ரு, அரபு. நான் மேல் வரியைக் காட்டினேன். அவர்கள் எல்லோரும் கீழ் வரியைப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளையின் தாய் கோபப்படவில்லை. சத்தத்தை உயர்த்தவும் இல்லை. "போதும் பிள்ளை. ஓடிக் களைக்காதையும். ஏன் இந்தப் பொய்?" என்று மட்டும் கேட்டார். துளசி தலையைக் குனிந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ பத்திக்கொண்டு வந்தது.

"மாமி, சவூதியிலை நிண்டிருந்தால் சவூதி எண்டே சொல்லியிருப்பன். அதிலை ஒளிக்க என்ன கிடக்கு? எங்கை நிண்டாலும் என்ரை கையிலை தும்புத்தடிதான். இந்தத் தும்புத்தடியிலைதான் என்ரை தங்கச்சி கம்பஸ் முடிச்சவள். எனக்கு ஒரு வெக்கமும் இல்லை. வெக்கமெண்டு நினைக்கிற ஆக்களுக்கு எங்கடை பிள்ளை வேண்டாம்."

சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தேன். ஒரு நிமிடம் சினிமாக் கதாநாயகி போல் நின்றேன். அடுத்த நிமிடம் துளசியின் செய்தி வந்தது: 'என்னக்கா செய்துபோட்டாய்.' கதாநாயகி படிக்கட்டில் குந்தியிருந்து அழத் தொடங்கினாள். மூன்று வருடம் காத்திருந்து கிடைத்த ஒரு 'சரி'யை ஐந்து நிமிடத்தில் கொட்டிக் கவிழ்த்துவிட்டேன். அழுது முடித்து மேலே போய், தாங்கிக்குப் பின்னாலிருந்த தட்டை எடுத்தேன். மண்ணைக் குப்பைப் பைக்குள் சரிக்கப் போன நேரம் ஃபோன் அடித்தது. மாப்பிள்ளையின் தாய். தனியாக.

சின்னம்மாவின் கிணற்றடியில் நின்று பேசுவதாகச் சொன்னார்.

"நான் குவைத்திலை ஒன்பது வருஷம் வீட்டு வேலை செய்தனான், பிள்ளை. ஊருக்கு ஆஸ்பத்திரி வேலை எண்டுதான் சொல்லி வைச்சிருக்கு. என்ரை மகனும் அப்பிடித்தான் நம்பியிருக்கிறான். உம்மடை படத்தைப் பாத்தவுடனை தெரிஞ்சுது, இது நான் கூட்டின மண். கூட்டிக் கூட்டி நாரி முறிஞ்சது. ஒருநாளும் குனிஞ்சு பாக்கேல்லை, அது இவ்வளவு வடிவெண்டு."

ஒளிக்கிற சனத்தோடு சம்பந்தம் வேண்டாம் என்று நினைத்தாராம். ஒளிக்க என்ன கிடக்கு என்று நான் கேட்டபோதுதான், ஒளித்தது யார் என்று தனக்கு உறைத்தது என்றார். அப்படியானால் நான் இத்தாலியில் இருப்பதை நம்புகிறீர்களா மாமி என்று ஆவலோடு கேட்டேன்.

"இல்லை" என்றார். "அது கிடக்கட்டும். நாளைக்குப் படம் போடும், என்ன?"

தட்டைப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

ஆவணியில் கல்யாணம். பெர்மெஸ்ஸோ அட்டையோடு ஊருக்குப் போய் மாமியிடம் நீட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "வடிவாத்தான் செய்திருக்கிறாங்கள்" என்று திருப்பித் தந்தார். அதற்கு முன்பே கல்யாண அட்டை வந்திருந்தது. எங்கள் வழக்கப்படி ஒவ்வொரு உறவின் பெயருக்கும் பக்கத்தில் அவர் வாழும் நாட்டை அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார்கள். கனடா, லண்டன், சுவிஸ். என் பெயருக்குப் பக்கத்தில் சவூதி. அச்சுக்குக் கொடுத்தவர் மாமி. சின்னம்மா குதித்தார், உடனே திருத்தச் சொல்லு என்றார். நான் அட்டையின் மேல் பகுதியைக் காட்டினேன். மாப்பிள்ளையின் தாயின் பெயருக்குப் பக்கத்தில், முதல் தடவையாக, குவைத் என்று இருந்தது. மகனிடம் எப்போது, எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் மணமேடையில் அவன் தாயின் காலில் விழுந்தபோது எழும்ப நிரம்ப நேரம் எடுத்தான். சின்னம்மாவும் அதன்பிறகு அட்டையைப் பற்றிப் பேசவில்லை.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் முன்பின் தெரியாத மூன்று பெண்கள், ஒருவர் பின் ஒருவராக, தனித்தனியே வந்து என் பக்கத்தில் இருந்தார்கள். தானும் ரியாத்தில் இருந்தவள் என்று ஒருத்தி. டோகாவில் என்று இன்னொருத்தி. மூன்றாவது பெண் ஜெத்தாவில் ஏழு வருடமாம். அட்டையில் என் பெயரைப் பார்த்தவள், சவூதியில் நான் எந்தப் பக்கம் என்று அன்பாகக் கேட்டாள்.

நான் யோசிக்கவே இல்லை. "பலெர்மோ" என்றேன்.

அவள் எல்லாம் தெரிந்தவள் போலத் தலையாட்டினாள். "ஓம், அங்கை சரியான வெக்கை."

மணப்பெண் கோலத்தில் பக்கத்தில் நின்ற துளசிக்கு இது கேட்டுவிட்டது. அவள் சிரித்த சிரிப்பில் நெற்றிச்சுட்டி கழன்று பாயாசத்துக்குள் விழுந்தது. இன்றைக்கும் நான் ஃபோன் எடுத்தால் அவள் ஹலோ சொல்வதில்லை. "ஓம், அங்கை சரியான வெக்கை" என்பாள். பின்னாலிருந்து மாமியும் மகனும் சேர்ந்து சிரிப்பது கேட்கும்.