ஐந்தரை மணிப் படகு

டைம்கீப்பர் இந்தக் கதையை எனக்கு முதன்முதலில் சொல்லி ஒன்பது வருடம் ஆகிறது. ஒன்பது வருடமாக நான் இதை முழுசாக நம்பியதில்லை. அதற்காக அவரைப் பொய்யர் என்று சொல்லவும் மனசு வரவில்லை. இருபத்திரண்டு வருடம் ஒரே பஸ் டெப்போவில் என்னோடு வேலை பார்த்தவர். ஆனால் எத்தனை தடவை கேட்டாலும் ஒரு சொல் பிசகாமல் அப்படியே சொல்வார். உண்மையைச் சொல்கிறவன் கொஞ்சமாவது தடுமாறுவான் இல்லையா? இவர் கால அட்டவணை வாசிக்கிற மாதிரி வாசிப்பார். சந்தேகம் என்னோடு இருக்கட்டும். அவர் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன்.

டைம்கீப்பருக்கு உலகத்தில் இரண்டே விஷயம் தெரியும். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது. மிச்சமெல்லாம் அவர் மனைவிக்குத் தெரியும். அந்த அம்மாள் பள்ளிக்கூட ஆசிரியை. பத்தொன்பது வருடமாகத் துணைத் தலைமை ஆசிரியை. எத்தனையோ தலைமை ஆசிரியர்கள் வந்தார்கள், மாலை போட்டுக்கொண்டு போனார்கள். அந்த அம்மாள்தான் மாலை வாங்கப் போய்வந்துகொண்டிருந்தார்.

அந்த வருடம் அவர் தலைமை ஆசிரியை தேர்வு எழுதினார். தேறினால் வெளியூர்தான். செய்தி கேட்டதுமே டைம்கீப்பர் மனைவி எதிரே போய் நின்றார்.

"நீ போகக் கூடாதுன்னு நான் சொல்லல" என்றார்.

"சரி."

"ஆனா போகாதே."

"ரெண்டுக்கும் நடுவுல என்னங்க வித்தியாசம்?"

"முதல்ல சொன்னது பெருந்தன்மை. ரெண்டாவது சொன்னது முடிவு."

முடிவை வீட்டோடு வைத்திருக்கலாம். வைத்தாரா? டெப்போ டீக்கடையில், பதினெட்டுக் கண்டக்டர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது அறிவித்தார்: "அவ தலைகீழா நின்னாலும் விட மாட்டேன். அவ அந்த வேலையில சேர்ந்தா நான் மீசையை எடுத்துடறேன்."

அது சாதாரண மீசை இல்லை. டிரைவர்கள் அதைப் பார்த்துத்தான் வண்டியை நேரத்துக்கு எடுத்தார்கள்.

மூன்று மாதம் சத்தமில்லை. ஒரு வியாழக்கிழமை காலை சாக்ஸ் தேடினார். டிராயரில் சாக்ஸுக்கு அடியில் ஒரு காகிதம். கல்வி அலுவலகத்தின் தலைப்பு. தாங்கள் தலைமை ஆசிரியையாகத் தேர்வு செய்யப்பட்டிருக்கிறீர்கள். வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் நேரில் வந்து சேர வேண்டும். தவறினால் பணியிடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும்.

பத்து மணி! டைம்கீப்பர் கண்ணில் அந்த எண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அவர் உத்தியோகத்தில் அன்றாடம் கையில் எடுப்பது பஸ் போய்வரும் நேரம் எழுதும் டிரிப் ஷீட். அதில் முன்பக்கம்தான் எழுத்து, பின்பக்கம் வெள்ளை. முப்பது வருடத்தில் ஒரு தாளையும் அவர் திருப்பிப் பார்த்ததில்லை. இதையும் திருப்பவில்லை. இது அவர் வாக்குமூலம். மடித்தபடியே மடித்து, சாக்ஸுக்கு அடியில் வைத்து, இரண்டு காலிலும் வேறு வேறு சாக்ஸ் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா மதில் மேல் கையூன்றிப் பேச்சுக் கொடுத்தாள்.

"அண்ணே, நானும் எங்க வீட்டுக்காரரும் ஏரித் தீவுக்குப் போய்ட்டு வந்தோம். நாலு மணி நேரம் கார்ல. அப்புறம் படகு. அடடா, கண்ணுக்குள்ளயே நிக்குது."

"ஓகோ."

"ஒரே ஒரு குறைதான். அங்க போன் எடுக்கவே எடுக்காது. சாயங்காலம் அஞ்சரைக்குக் கடைசிப் படகு. அதை விட்டா மறுநாள் காலைல பதினொண்ணுக்குத்தான். நினைச்சுப் பாருங்க, ஞாயித்துக்கிழமை போய் மாட்டிக்கிட்டா திங்கட்கிழமை பொழைப்பே போச்சு!"

டைம்கீப்பர் நினைத்துப் பார்த்தார். நினைக்க நினைக்க மீசை தானாக மேலே ஏறியது. தன் மூளையில் உதித்த யோசனை அது என்றே அன்று ராத்திரி முழுக்க நம்பினார்.

மறுநாள் மனைவியிடம் மெதுவாக ஆரம்பித்தார். "ஏம்மா, நாம ரெண்டு பேரும் எங்கயாவது போய் எத்தனை வருஷமாச்சு?"

"போன மாசம் பல் டாக்டர்கிட்ட போனோமே."

"அது இல்ல. ஒரு ஏரி, ஒரு தீவு, இந்த மாதிரி. ஞாயித்துக்கிழமை காலைல போனா சாயங்காலம் திரும்பிடலாம்."

அந்த அம்மாள் கணவரை மேலும் கீழும் பார்த்தார். மறுப்பு வரும், கெஞ்ச வேண்டும், அதற்கு நாலு வசனம் வேண்டும் என்று தயார் செய்து வைத்திருந்தார் டைம்கீப்பர். நாலும் வீணாயிற்று.

"போகலாமே" என்றார் மனைவி.

ஞாயிறு காலை ஆறு மணி. மனைவி ஒரு பையைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார்.

"ஒரு நாளைக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பை?"

"நீங்க எதுக்குப் பேன்ட் பாக்கெட்ல ரெண்டு பல் பிரஷ் வெச்சிருக்கீங்க?"

முகத்தில் ஈயாடவில்லை அவருக்கு. "சாப்பிட்டா பல் தேய்க்கணும்னு டாக்டர் சொன்னாரே" என்று சமாளித்தார்.

"ரொம்ப நல்லது" என்று மனைவி காரில் ஏறினார்.

வழி நெடுக அவருக்கு உள்ளுக்குள் ஒரே அரிப்பு. முப்பது வருடம் ஒருவரோடு ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டு அவர் கனவைப் படகு ஏற்றி அனுப்பப் பார்க்கிறோமே என்று ஒரு பக்கம். தனியாக ஒரு வேளை சாப்பிட்டதில்லையே, சுவரைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது என்று மறுபக்கம். இரண்டு பக்கமும் இடிபட்டுக்கொண்டே ஓட்டினார். மனைவியோ ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, தலைமுடி பறக்க, பள்ளிக்கூடத்துப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். கல்யாணமான புதிதில்கூட அவர் இப்படிப் பாடிப் பார்த்ததில்லை.

தீவு உண்மையிலேயே அழகு. நீலத் தண்ணீர். நடுவில் ஒரு பச்சை மேடு. கரையோரம் மீன் வலைகள், சின்னச் சின்ன வீடுகள். மேட்டின் உச்சியில் நீளமாய் ஒரு மஞ்சள் கட்டடம், முன்னால் மரங்கள்.

"அந்த மஞ்சள் கட்டடம் நல்லா இருக்குல்ல?" என்றார் மனைவி.

"பிரமாதம். காத்து என்ன, வெளிச்சம் என்ன! அங்க வேலை பாக்கறவங்க குடுத்து வெச்சவங்க."

"இதை எழுதிக் குடுப்பீங்களா?"

"கையெழுத்தே போட்டுத் தரேன்" என்றார் டைம்கீப்பர், பெருந்தன்மையாக.

நாலரை மணிக்குக் கஷ்டகாலம் தொடங்கியது. பிறந்ததிலிருந்து எந்த வண்டியையும் தவறவிடாத மனிதர் ஒரு படகை வேண்டுமென்றே தவறவிட வேண்டும். லேசான காரியமா? நாலே முக்காலுக்கே அவர் கால்கள் அவரைக் கேட்காமல் துறையை நோக்கித் திரும்பின. பிடித்து இழுத்து உட்கார வைத்தார். மனைவி கடலை வாங்கப் போன நேரம் பார்த்து இடது கால் ஷூவைக் கழற்றி ஒரு புதருக்குப் பின்னால் எறிந்தார். திரும்பி வந்த மனைவியிடம் அழாத குறையாக, "ஷூவைக் காணோம்மா" என்றார்.

"எங்க கழட்டினீங்க?"

"தெரியலையே. ஷூ இல்லாம எப்படி நடக்கறது? மெதுவாத் தேடுவோம்."

"மெதுவாவே தேடுவோம். அவசரம் என்ன?" என்று மனைவி ஒரு கடலையை உரித்தார். உரித்த கடலையை ஊதினார். அதற்குப் பிறகு அடுத்த கடலை.

இருவரும் தேடினார்கள். அவர் புதர் இல்லாத பக்கமாய்த் தேடினார். மனைவி தேடிய லட்சணத்தில் யானை தொலைந்திருந்தாலும் கிடைத்திருக்காது.

ஐந்து இருபத்தைந்துக்குப் படகின் சங்கு ஊதியது.

சங்குச் சத்தம் காதில் விழுந்ததும் டைம்கீப்பருக்குத் திட்டமும் மறந்தது, மீசையும் மறந்தது. முப்பது வருடப் பழக்கம் பிடரியைப் பிடித்துத் தள்ளியது. "ஐயையோ, வண்டி எடுக்கறான்!" என்று கூவிக்கொண்டு நேராய்ப் புதருக்குள் பாய்ந்தார். கையை விட்டுத் துழாவினார்.

ஷூ அங்கே இல்லை.

"என்னங்க, அங்கதான் இருக்கும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் மனைவி, கரையில் நின்றபடி.

"ஒரு ஊகம்தான்" என்றார் புதருக்குள்ளிருந்து.

படகு போய்விட்டது. தண்ணீரில் அது கிழித்த கோடு மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"போச்சே!" என்றார் மனைவி. அந்தக் குரலில் துக்கம் கடலைத் தோலளவுகூட இல்லை.

கரையோரம் ஒரு சின்ன விடுதி. அறை கேட்கப் போனால், விடுதிக்காரர் கேட்பதற்கு முன்பே சாவியை நீட்டினார். நம் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டார் டைம்கீப்பர். ஒற்றை ஷூவோடு படியேறும்போது, ஜெயித்துவிட்டோம் என்று சிரிக்கப் பார்த்தார். ஏனோ வாய் கோணிற்று, சிரிப்பு வரவில்லை.

காலையில் கண் விழித்தபோது மணி எட்டரை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி ஷூ. ஜோடி! இரண்டும் பாலிஷ் போட்டுப் பளபளத்தன. எதிரே மனைவி, இஸ்திரி போட்ட உடுப்பில், நெற்றி நிறைய வெளிச்சமாய் நின்றுகொண்டிருந்தார். பெரிய பை திறந்து கிடந்தது. உள்ளே சான்றிதழ் கோப்பு.

"இந்த ஷூ..."

"நேத்து என் பையில இருந்துச்சு. எழுந்திருங்க. ஒரு நடை நடந்துட்டு வருவோம்."

மேடு ஏறும்போதுதான் சாக்ஸ் டிராயர் காகிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "இப்பவாவது திருப்புங்க."

திருப்பினார். சேர வேண்டிய இடம்: தீவு உயர்நிலைப் பள்ளி. அந்த மஞ்சள் கட்டடமேதான்.

டைம்கீப்பர் நடுவழியில் நின்றுவிட்டார். "அப்போ மதில் மேல அந்தத் தையல்கார அக்கா..."

"நான்தான் சொல்லச் சொன்னேன். அவ இந்தப் பக்கமே வந்ததில்ல."

"இதை என் சாக்ஸ் டிராயர்ல வெச்சது?"

"அதுல வேற யாரு கை வைப்பா?"

"நேராக் கூப்பிட்டிருக்கலாமே!"

"கூப்பிட்டா வந்திருப்பீங்களா? மீசையைப் பந்தயம் கட்டிட்டு ஊரெல்லாம் சொல்லிட்டீங்க." மேலே தெரிந்த மஞ்சள் கட்டடத்தைக் கைகாட்டினார். பிறகு சொன்னார்: "தனியா வந்து சேர மனசு வரலைங்க. எங்க வேலை செய்யப் போறேன்னு நீங்க பாக்கணும். நீங்களே கொண்டாந்து விட்டா நல்லா இருக்கும்னு தோணுச்சு. பத்தொன்பது வருஷம் காத்திருந்தேன். இந்த ஒண்ணுக்கு ஆசைப்படக் கூடாதா?"

டைம்கீப்பர் மனைவி கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். மேட்டு ஏற்றம்தான் காரணம் என்று என்னிடம் சொன்னார்.

பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் எழுந்து நின்றார். "வாங்க டீச்சரம்மா. ராத்திரி அறை வசதியா இருந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே பதிவேட்டைத் திறந்தார். வருகை நேரம் எழுத வேண்டும். சுவர்க் கடிகாரம் நின்று போயிருந்தது. எழுத்தர் விழித்தார்.

டைம்கீப்பர் கை தானாக உயர்ந்தது. வாய் தானாகத் திறந்தது. "ஒன்பது ஐம்பத்தாறு."

தன் தோல்விக்குத் தானே நேரம் போட்டுக் கொடுத்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

"சான்றிதழ்... சரி. உத்தரவு... சரி. போட்டோ மூணு?"

மனைவி பைக்குள் கைவிட்டார். கோப்பைத் திறந்தார். பையைக் கவிழ்த்தார். அந்த முகம் முதல்முறையாக வெளிறியது. ஷூவுக்குப் பாலிஷ் வரை யோசித்த பெண்மணி, போட்டோவை மறந்துவிட்டார்.

"மூணு போட்டோன்னு உத்தரவோட பின்பக்கத்துலயே போட்டிருக்கே டீச்சரம்மா. போட்டோ இல்லாம சேர்க்கை ஆகாது. ஸ்டுடியோ அக்கரையிலதான். படகு பதினொண்ணுக்கு..." எழுத்தர் பதிவேட்டை மூடப் போனார்.

மணி ஒன்பது ஐம்பத்தெட்டு.

இந்த இடத்தைச் சொல்லும்போது மட்டும் டைம்கீப்பர் வேகமாகச் சொல்வார், பஸ் கிளம்புகிற மாதிரி. "பர்ஸ்ல எப்பவும் அவ போட்டோ வெச்சிருப்பேன்ல? எடுத்துக் குடுத்தேன்." அவ்வளவுதான். நீளமாய் ஒரு துண்டு. மூன்று முகமும் ஒட்டியபடியே. மனைவி அதைக் கையில் வாங்கினார். ஒரு பஸ் ஒரு நிறுத்தத்தில் நிற்கிற நேரம் கணவரைப் பார்த்தார். பிறகு எழுத்தர் பக்கம் திரும்பி, "கத்தரிக்கோல் இருக்குங்களா?" என்று கேட்டார்.

பத்தாக ஒரு நிமிடம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டார்.

டைம்கீப்பர் டெப்போவுக்கு மீசையில்லாமல் வந்தார். பதினெட்டுக் கண்டக்டர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "என்னை ஏமாத்திட்டாப்பா! முன்பக்கம் மட்டும் படிச்ச முட்டாள் நான்!" என்று அவரும் சேர்ந்து சிரித்தார். அடுத்த மாதமே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டுத் தீவுக்குப் போய்விட்டார்.

போன மாதம் பார்க்கப் போனேன். படகுத் துறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்காமலே படகு நேரம் எழுதுகிறார். மீசை மறுபடி வளர்ந்திருக்கிறது, வெள்ளையாக. மேட்டில் மணி அடித்தது. "சாப்பாட்டு மணி. ரெண்டு நிமிஷத்துல வந்துடுவா" என்று இரண்டு தட்டை எடுத்து வைத்தார். நான் கேட்காமலே பழைய கதையை, ஒரு சொல் பிசகாமல், மறுபடி சொன்னார்.

ஒன்பது வருடமாக அடக்கி வைத்ததை அன்று கேட்டுவிட்டேன்.

"எல்லாம் சரிப்பா. பர்ஸ்ல பொண்டாட்டி போட்டோ ஒண்ணு வெச்சிருக்கிறவனைப் பாத்திருக்கேன். ஒரே போட்டோவை மூணா, அதுவும் வெட்டாம வெச்சிருந்தியே, நிஜத்தைச் சொல்லு, அந்தக் காகிதத்தை நீ எப்பப்பா திருப்பினே?"