வளையல் போட்ட வலது கை

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. விழுப்புரத்தில் ஒரு லோக்கல் கேபிள் சேனலில் எடிட்டராகச் சேர்ந்தேன்.
2. சமையல் நிகழ்ச்சிக்கு டைட்டில் செய்யச் சொன்னார்கள்.
3. அப்பாவின் வலது கைக்குச் சவரம் செய்தேன்.
4. அப்பா சமைப்பதை நிறுத்திவிட்டார்.

மூன்றாவதற்கு விளக்கம் தேவைப்படலாம்.

"முகமெல்லாம் வாணாம்மா. பொம்பளை கை போதும். வளையல் சத்தம் கேக்கணும். கடைசியில ஆம்பளை ஒருத்தரு சாப்ட்டுட்டுத் தலையாட்டணும். ஜல்தியா முடி" என்றார் சேனல் முதலாளி. (தலையாட்டும் பாத்திரத்தை அவரே ஏற்றுக்கொண்டார்.)

நான் மறுக்கவில்லை. சீரியல் டைட்டில்களை எல்லாம் உட்கார்ந்து பார்த்து ஆராய்ந்தவள் நான். பெண் விளக்கேற்றுவாள், ஆண் காரிலிருந்து இறங்குவான். அந்தக் கார் எங்கே போய்விட்டு வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

சிக்கல் எங்கள் வீட்டில் இருந்தது. அம்மா நர்ஸ், பாதி நாள் டியூட்டி, மீதி நாள் தூக்கம். எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். சமைப்பவர் அப்பா. திண்டிவனத்தில் மல்லாட்டை (வேர்க்கடலை) மண்டியில் எடை போடும் வேலை. அவர் கொண்டுபோகும் குழம்புக்கு மண்டியே அடிமை. "அண்ணி கைப்பக்குவம்" என்று அவர்கள் புகழ்வார்கள், அப்பா சிரித்துக்கொள்வார். சமைப்பது தான்தான் என்பதை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை.

ஃபேன்ஸி கடையிலேயே பெரிய அளவு வளையலை வாங்கிவந்து, சோப்பு நுரை போட்டு அப்பாவின் வலது கையில் ஏற்றினேன்.

"ரெண்டு கையும் செரைச்சுடேம்மா, ஒரே மாரி இருக்கும்" என்றார் அப்பா.

"கரண்டி பிடிக்கிற கை போதும்பா."

(தேவைக்கு மேல் வேலை செய்யாதே என்பது பொறியியல் கல்லூரி எனக்குக் கற்றுத்தந்த ஒரே பாடம்.)

டைட்டில் முதல்முறை ஓடிய மாலை, அப்பாவோடு வீடு திரும்பலாம் என்று திண்டிவனம் போயிருந்தேன். மண்டிக்கு எதிர் டீக்கடையில் அப்பாவும் மண்டி ஆட்களும் நின்றிருக்க, டிவி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் வளையல் குலுங்க ஒரு கை குழம்பைக் கிளறியது. அதன் சுண்டுவிரல் கோணலாக இருந்தது. எப்போதோ எடைக்கல் விழுந்த விரல். நிறம், வெளிச்சம், முடி எல்லாவற்றையும் சரிபார்த்தவள், பிறந்ததிலிருந்து பார்க்கும் விரலைப் பார்க்கத் தவறியிருந்தேன்.

"அண்ணே, அந்த வெரலு உன்னுது மாரியே கீதே!" என்றார் மூட்டை தூக்கும் ஒருவர்.

இன்னொருவர் அப்பாவின் முழுக்கைச் சட்டையின் இரண்டு கைகளையும் மேலே தள்ளினார். "தோ பாருடா, ஒரு கை மட்டும் வழுவழுன்னு கீது! அப்போ இத்தினி நாளா நாம துன்ன கொழம்பு? இன்னாண்ணே, வூட்ல பொடவையும் நீதான் கட்டிக்கினு கீறியா?"

டீ மாஸ்டர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சட்டைக் கைகளைக் கீழே இழுத்துவிட்டார். "வாம்மா, பஸ்ஸு வந்துடும்" என்றார்.

விழுப்புரம் வரும் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது சொன்னார்.

"ஒரு நாளு நானே அவங்களாண்ட சொல்லலாம்னு இருந்தேன்."

டைட்டில் தினமும் ஓடுகிறது. முதலாளி தினமும் தலையாட்டுகிறார். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் "மாமா, கையக் காட்டுங்க" என்று யாராவது ஆரம்பிப்பார்கள், எல்லோரும் சிரிப்பார்கள், அப்பாவும் சிரிப்பார். கையில் முடி முளைத்துவிட்டது. மண்டிக்கு ஓட்டல் பொட்டலம் வாங்கிப் போகிறார். வீட்டில் இப்போது அம்மா சமைக்கிறார்.