குடவாசல் பிரபு துணிந்த வரலாறு

மனித குலத்தில் உண்மையாகவே துணிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கடலைத் தாண்டியவர்கள் சிலர், மலையில் ஏறியவர்கள் சிலர். அந்த வரிசையில், சென்னையில் ஏசி அறையையும் சுழல் நாற்காலியையும் உதறிவிட்டுக் குடவாசலுக்குப் பக்கத்தில் பத்து மா வயலில் இறங்கிய பிரபுவையும் சேர்த்தாக வேண்டும். நாம் சேர்க்காவிட்டால் அவரே சேர்த்துக்கொள்வார், அது வேறு விஷயம்.

அவர் துணிந்தது லேசுப்பட்ட துணிவல்ல. அவருடைய நாற்காலியை ஒரு வருடம் அப்படியே காலியாக வைத்திருப்பதாகக் கம்பெனி எழுத்தில் கொடுத்திருந்தது. மனைவி அனுராதாவுக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. அப்பா துரைக்கண்ணுவுக்குப் பென்ஷன். கும்பகோணத்தில் மூன்று கடைகளின் வாடகை. இவற்றைத் தவிர அந்த மனிதருக்கு உலகத்தில் வேறு பிடிமானமே கிடையாது. இப்படிப்பட்ட நிராதரவான நிலையில்தான் அவர் 'அர்த்தமுள்ள வாழ்க்கை'யைத் தேடிப் புறப்பட்டார்.

அர்த்தம் இருந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் உழுதுகொண்டிருந்தார். அவர் பெயர் அரசப்பன்.

பத்து மா என்றால் மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே வரும். அரசப்பனின் அப்பா அதே வயலில் கூலிக்கு நாற்றுக்கட்டு தூக்கியவர். அரசப்பன் அதைக் குத்தகைக்கு எடுத்துப் பத்தொன்பது வருடமாகப் பயிர் செய்துவந்தார். எழுத்து ஒன்றும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். அறுப்பு முடிந்ததும் குத்தகை நெல்லைத் தஞ்சாவூரில் துரைக்கண்ணு வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வருவார். கிராமக் கணக்கான அடங்கலில் 'பயிர் செய்பவர்' என்ற இடத்தில் துரைக்கண்ணு பெயர்தான் இருக்கும். துரைக்கண்ணுவின் கால் சேற்றைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகிறது என்றாலும், சர்க்காரின் கண்ணுக்கு அவர் வருடம் தவறாமல் குனிந்து நாற்று நட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் பிரபு காரில் வந்து வரப்பில் இறங்கினார்.

"அரசப்பண்ணே, வேலையை விட்டுட்டேன்."

"அடப் பாவமே. ஏங்க தம்பி, எதுவும் பிரச்சினையா?"

"பிரச்சினையெல்லாம் இல்லண்ணே. ரிஸ்க் எடுக்கப் போறேன்."

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"வாழ்க்கைக்கு ஒரு அர்த்தம் வேணும்லண்ணே. இந்த வருஷத்திலேருந்து நிலத்தை நானே பாக்கப் போறேன்."

அரசப்பன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். "அப்ப நாங்க என்ன பண்றதுங்க தம்பி?"

"நீங்க கூடவே இருங்க. நாள் கூலி தந்துடறேன். ஆனா அதைக் கூலின்னு சொல்லப் போறதில்ல. நீங்க இனிமே களப் பங்காளர்." அரசப்பனின் முகத்தைப் பார்த்துவிட்டு, பெரிய மனதுடன் ஒன்று சேர்த்துச் சொன்னார். "ஒரே ஒரு போகம்ணே. விளையலன்னா தையோட நான் சென்னைக்குக் கிளம்பிடறேன். பழையபடி நீங்களே பண்ணிக்குங்க."

களப் பங்காளருக்கு அன்றே ஒரு பனியன் வழங்கப்பட்டது. நெஞ்சில் 'துணிந்தேன்' என்று அச்சடித்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவரை மனைவி பொன்னுத்தாய் ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரு துணிஞ்சா?"

"தம்பி துணிஞ்சுது. சட்டை மட்டும் எனக்கு."

சொந்த வெள்ளாமை இல்லாத வீட்டில் வைக்கோல் ஏது? ஆவணியில் பசுவும் கன்றும் லாரி ஏறின. கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்த மகள் செம்மொழி, இந்த வருடம் வேண்டாம்பா என்று தானே சொல்லிவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு பஸ் ஏறினாள். பஸ் தெருமுனை திரும்பும் வரை அரசப்பன் நின்று அழுதார். இவையெல்லாம் ஒரு லட்சியப் பயணத்துக்குச் சம்பந்தமில்லாத சில்லறைக் குடும்ப விஷயங்கள். நாம் மேலே போவோம்.

பிரபு கடைப்பிடித்த முறைக்குத் 'தலையிடா வேளாண்மை' என்று பெயர். களை பறிக்கக் கூடாது, அது புல்லின் உரிமை. உரம் கூடாது, அது நெல்லுக்கு அவமானம். காலையில் வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பயிரின் மனநிலையைப் பற்றிக் கைபேசியில் பேசி வீடியோ வெளியிடுவார். வெள்ளிக்கிழமை சென்னைக்கு ரயிலேறினால் செவ்வாய்க்கிழமைதான் திரும்புவார். துணிச்சல்காரருக்கு நான்கு நாள் ஓய்வு அவசியம்.

பொன்னுத்தாய்க்குக் கணக்கு சட்டென்று பிடிபட்டது.

"இங்க பாருங்க. நீங்க ஒண்ணும் கெடுதல் பண்ண வேணாம். தம்பி சொல்றதை மட்டும் அப்படியே செய்யுங்க. பயிர் தானாப் படுத்துடும். தையில நிலம் நம்ம கைக்கு வந்துடும். செம்மொழியைக் கூட்டியாந்துடலாம்."

"நான் என்ன, சொன்னா கேக்காதவனா?" என்றார் அரசப்பன்.

அந்த வார சனிக்கிழமை சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். கோரை முழங்கால் உயரத்துக்கு மண்டி, நெல் அதனடியில் வெளுத்துக்கிடந்தது. பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டியதுதானே? மனிதர் வேட்டியை மடித்துக் கட்டினார். சாயங்காலம் கையெல்லாம் சேறாக வீட்டுக்கு வந்தார்.

"பறிச்சீங்களா?"

"ஓரத்துல மட்டுந்தான்."

"உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? நம்ம தலையில நாமே மண்ணை அள்ளிப் போட்டுக்கறதா?" என்று பொன்னுத்தாய் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். அவ்வளவும் நியாயம். மறுநாள் அவர் எங்கும் போகாமல் வீட்டிலேயே கிடந்தார். மத்தியானம் பொன்னுத்தாயைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால், வயலுக்கு நடுவில் அவள் குனிந்து நின்று, நாற்று செத்துப் பொக்கு விழுந்த இடமாகப் பார்த்து நட்டுக்கொண்டிருந்தாள்.

"மொட்டையாக் கிடக்குங்க. பாக்கச் சகிக்கல" என்றாள், நிமிராமலே.

செவ்வாய்க்கிழமை வந்த பிரபு வயலைப் பார்த்துக் கண் கலங்கினார்.

"பாத்தீங்களாண்ணே. நாம தலையிடல. புல்லு தானாவே விலகிடுச்சு."

"ஆமாங்க தம்பி. தானாத்தான் போச்சு."

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்தது. நான்கு நாள் விடாமல் கொட்டி, பயிரின் தலைமேல் தண்ணீர் நின்றது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதால் பிரபு சென்னையில் மகளுடன் இருந்தார். அங்கிருந்தபடியே வழிகாட்டினார். "நின்னா நிக்கட்டும்ணே. அது நெல்லோட பயணம்."

இன்னும் இரண்டு நாள் நின்றால் பயிர் அழுகிவிடும். நிலம் திரும்பிவிடும். இருவரும் குடை இல்லாமல் வரப்பில் நின்றார்கள். வடிகால் வாயில் காட்டாமணக்கு அடைத்துக்கொண்டிருந்தது.

"பாதி சாகட்டுங்க" என்றாள் பொன்னுத்தாய். "பாதியாவது செத்தாத்தான் தம்பி போகும்."

"எந்தப் பாதி?"

"தெக்கால உள்ள அஞ்சு மா."

"அது நல்லாத் தூர் கட்டியிருக்குடி."

"சரி, வடக்கால."

"அங்க நீ நட்டதுல்ல இருக்கு."

பொன்னுத்தாய் மழைத்தண்ணீரா கண்ணீரா என்று தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "பாழாப் போன கை" என்று தன் கையையே திட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் காட்டாமணக்கைப் பிடித்து இழுத்தாள். அரசப்பன் மண்வெட்டியோடு பின்னாலேயே இறங்கினார். பொழுது சாய்வதற்குள் பத்து மாவும் தலைதூக்கிவிட்டது.

இந்த இடத்தில் 'காவிரிப் படுகைத் துணிவாளர் பேரவை' பற்றிச் சொல்ல வேண்டும். துணிந்தவர்களுக்கு ஆண்டுதோறும் விருது வழங்கும் தஞ்சாவூர் அமைப்பு அது. தலைவர் தியாகராசன் சாமானியர் அல்ல. அறுபது வயது முடிந்த அன்றே, பின்விளைவைப் பற்றி ஒரு கணமும் யோசிக்காமல், அரசாங்க வேலையைத் தூக்கி எறிந்தவர். மார்கழியில் அவர் கையில் படிவத்துடன் பிரபுவின் வயலை நேரடி ஆய்வு செய்ய வந்தார். கதிர் வாங்கி நின்ற பயிரைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"என்னங்க பிரபு, பயிர் இவ்வளவு நல்லா நிக்குது. இதுல துணிவு எங்க வருது?"

"உள்ளுக்குள்ள ரொம்பப் பயந்தேன் சார்."

"பயத்துக்கு ஆதாரம்?"

"வீடியோ இருக்கு சார்."

"அது போதும். ஆனா ஏழாவது இனம் 'இழந்தவை'. அது காலியா இருந்தா விருதுக் குழு ஒத்துக்காது. எதையாவது இழந்திருப்பீங்க, யோசிங்க."

பிரபு நேர்மையாக யோசித்தார். "ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கேன் சார்."

"அது லாபத்துல வரும்" என்ற தலைவர், சங்கடத்துடன் அக்கம்பக்கம் பார்த்தார். அரசப்பனும் பொன்னுத்தாயும் நின்றிருந்தார்கள். "நீங்க எவ்வளவு காலமா இங்க இருக்கீங்க?"

"பத்தொன்பது வருஷம் குத்தகைக்குப் பாத்தேங்க" என்றார் அரசப்பன். "ஆனியோட போயிடுச்சு."

தலைவரின் பேனா விழித்துக்கொண்டது. "போயிடுச்சா? வேற?"

"வைக்கோலுக்கு வழியில்லாம மாட்டைக் கன்னோட வித்துட்டேங்க."

"அப்புறம்?"

"பொண்ணு படிப்பை விட்டுட்டுத் திருப்பூர் போயிருக்குங்க."

"ரொம்ப நல்லது" என்று சொல்லித் தலைவர் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். "இழப்பு விண்ணப்பதாரருடையதா இருக்கணும்னு விதியில எங்கேயும் சொல்லல" என்று பிரபுவிடம் தணிந்த குரலில் விளக்கவும் செய்தார்.

மழை, வெள்ளம் என்றால் யாராவது சார் படிவத்தோடு வந்து இழப்பைக் கேட்டு எழுதிப்போவார், பிறகு நிவாரணம் வரும். டெல்டாவில் அதுதான் வழக்கம். அரசப்பனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. "விட்டுடாம எழுதிக்குங்க சார்" என்று கும்பிட்டார்.

"ஒரு எழுத்து விடமாட்டேன்" என்றார் தலைவர்.

தையில் அறுத்தார்கள். ஊரே மூக்கில் விரல் வைக்கும்படி விளைச்சல் கண்டது. நிலம் தன்னைத் 'தேர்ந்தெடுத்துவிட்டதாக' பிரபு அறிவித்து, கம்பெனிக்கும் நிரந்தரமாக விலகுவதாக எழுதிப் போட்டுவிட்டார். அரசப்பனுக்கு இனி நிவாரணம் ஒன்றுதான் நம்பிக்கை. அது வந்தால் ஆனியில் செம்மொழியைக் கல்லூரியில் சேர்த்துவிடலாம். மாசியில் விருது விழா என்று அழைப்புப் பத்திரிகை வந்ததும், கொடுக்கப்போவது அங்கேதான் என்று இருவரும் நல்ல துணி உடுத்தித் தஞ்சாவூர் போய் மண்டபத்தில் உட்கார்ந்தார்கள்.

மேடையில் தியாகராசன் படிவத்தை விரித்து, கனத்த குரலில் வாசித்தார்.

"இழந்தவை. பத்தொன்பது ஆண்டுகள் பாடுபட்ட மண்ணின் மீதிருந்த உரிமை. வாசலில் கட்டியிருந்த பசு, அதன் கன்று. படிப்பைப் பாதியில் விட்டுத் தொலைதூரம் போன அருமை மகள்."

மண்டபம் விம்மியது. சொன்னது சொன்னபடி ஒரு எழுத்து விடாமல் வாசிக்கிறாரே என்று அரசப்பன் நெகிழ்ந்து, கைகளைக் கூப்பியபடி எழுந்து நின்றார்.

"இத்தனையையும் இழந்தும் கலங்காத மாமனிதர், திரு. பிரபு அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்."

கூட்டம் மொத்தமும் எழுந்து கைதட்டியது. முதலில் எழுந்து நின்ற மரியாதைக்காக அரசப்பனைப் பக்கத்து இருக்கைக்காரர் தோளில் தட்டிப் பாராட்டினார். மேடையில் பிரபு பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

கூப்பிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற அரசப்பனைப் பொன்னுத்தாய் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"நிலந்தான் அவங்க பேர்ல இருந்துச்சு" என்றாள். "நாம இழந்ததைக்கூடவா அவங்க பேர்ல எழுதிக்கிட்டாங்க?"