மனுவில் இருந்த நல்ல கணவர்

கல்யாணமான புதிதில், நைட் ஷிப்ட் முடிந்து வந்து குவார்ட்டர்ஸில் படுத்திருப்பேன். பின்வாசலில் தொப், தொப் என்று ஒரு சத்தம் கேட்கும். சுரங்கத்துக் கரி ஏறிய என் சட்டையை அன்புக்கரசி கல்லில் அடித்துக்கொண்டிருப்பாள். அடி சட்டைக்கா, சட்டைக்குள் இருந்தவனுக்கா என்று யோசிப்பதற்குள் தூக்கம் வந்துவிடும். முப்பத்தெட்டு ஆண்டு வீட்டு வேலையில் என் பங்கு, அந்தச் சத்தத்தைக் கேட்டதுதான்.

இதை முதலில் ஒப்புக்கொண்டால்தான் மற்றதைச் சொல்ல நாக்கு வரும்.

ஓய்வு பெற்ற மறு வருஷம், பண்ருட்டியில் ஒரு பலாப்பழம் வாங்கி டி.வி.எஸ். பிப்டியில் கட்டிக்கொண்டு வந்தேன். முந்திரி ஏற்றிய மினி வேன் ஒன்று பின்னால் வந்து இடித்தது. கூடியவர்களில் பாதிப்பேர் என்னைத் தூக்கினார்கள். மீதிப்பேர் உடைந்து சிதறிய சுளைகளைத் தூக்கினார்கள். வலது கால் முறிந்தது.

வக்கீல் கொளஞ்சிநாதன் என் மாவுக்கட்டைப் பார்த்து மகிழ்ந்தார். பென்ஷன் புத்தகத்தைப் பார்த்து வருந்தினார்.

"கால் ஒடைஞ்சும் பென்ஷன் நிக்கலையே. நஷ்டம்னு என்னத்த காட்டுறது, பாவாடை சார்?"

"வலி இருக்குதே சார்."

"வலிக்கு வாங்குறது பஸ் செலவுக்கே சரியாப்பூடும். வூட்டுல எதனா வேலை செஞ்சுகினு இருந்தீங்களா? இப்ப முடியலன்னு போட்டா கூடக் கொஞ்சம் கேக்கலாம்."

எங்கள் வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

"எல்லாமே நான்தான் சார்" என்றேன்.

அவர் அதை அப்படியே நஷ்டஈட்டு மனுவில் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். வீட்டில் மூச்சு விடவில்லை. பணம் வந்ததும் அவளுக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கி, அதிலேயே பாவத்தையும் போட்டு அலசிவிடுவதாகத் திட்டம்.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசக் கூப்பிட்டார்கள். கைத்தாங்கலாகக் கூட்டிப்போக அவளை விட்டால் ஆள் ஏது?

"நீ வெளியில மரத்தடியில ஒக்காரு" என்றேன்.

"ஏன், உள்ள ஃபேன் சுத்துதே" என்று என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கொளஞ்சிநாதன் கணீரென்று படித்தார்: "மனுதாரர் விபத்துக்கு முன்பு தினமும் விடியலில் எழுந்து, சமைத்து, பாத்திரம் துலக்கி, துணி துவைத்து, மூட்டுவலியால் அவதிப்படும் தம் மனைவியை உள்ளங்கையில் வைத்துத் தாங்கி வந்தவர்..."

வேன் இடித்தபோதுகூட அப்படி வலிக்கவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். யாரோ ஒரு நல்ல மனுஷனைப் பற்றிச் சொல்கிறார்கள், அவன் பெண்டாட்டி கொடுத்துவைத்தவள் என்பதுபோல் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மூட்டுவலி அவளுக்கு உண்டுதான். அந்தப் பத்தியில் அது ஒன்றுதான் உண்மை.

இன்சூரன்ஸ் வக்கீல் சிரித்தார். "நம்பறாப்ல இல்லீங்க, மேடம்."

நீதிபதி அம்மா கண்ணாடியை இறக்கினார். "நீங்கதான் சம்சாரமா? சொல்லுங்கம்மா, இதெல்லாம் நெஜமா?"

'இல்லை' என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பணம் போய்விடும். பொய் மனு போட்டவன் என்று மானமும் கூடவே போய்விடும். அவள் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஆமாங்கம்மா. தங்கமான மனுஷன்."

எனக்கு உயிர் வந்தது. கண்ணில் நீரும் வந்தது.

"கால் சரியானா பழையபடி எல்லாத்தையும் நானே செய்வேன்னு துடிச்சுகினு இருக்காரு. அந்தத் தாளுல எனக்கு ஒரு காப்பி கெடைக்குங்களா?"

"தாராளமா" என்ற நீதிபதி அம்மா, என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். "எல்லா வீட்டுலயும் இப்படி ஒருத்தர் இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்!"



பணம் வந்தது. எலும்பு கூடியது. நான் மட்டும் ஊன்றுகோலை விடவில்லை. ஒருநாள் அவள் அதை வாங்கிக் கதவுக்குப் பின்னால் சாத்தினாள்.

"டாக்டர் இது வேணாம்னு சொல்லி ஒரு மாசம் ஆவுது. உளுந்து ஊறப் போடுங்க."

"எனக்கு அதெல்லாம் தெரியாதே, அன்பு."

"தெரியாதா? கோர்ட்டுல படிச்சாங்களே!"

"அது... வக்கீல் சும்மா எழுதினது."

"அப்போ பொய்யா?"

நான் கதவுக்குப் பின்னால் இருந்த ஊன்றுகோலைப் பார்த்தேன்.

"பொய்னா பொய்னு சொல்லுங்க. வாங்குன காச எடுத்துகினு இப்பவே போவோம். அந்த ஜட்ஜம்மா கையில குடுத்து, 'தப்பா எழுதிட்டேன், நான் ஒரு துரும்பக்கூட எடுத்துப் போட்டதில்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடலாம். நானே கூட வரேன்."

பக்கத்து வீட்டுச் சந்திரா மதில்மேல் எட்டிப் பார்த்தாள். "அக்கா, அந்தத் தாள ஒரு ஜெராக்ஸ் குடுங்க. எங்க வூட்டுக்காரரும் படிக்கட்டும்."

அன்புக்கரசி என் முகத்தையே பார்த்தாள். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலாம்.

"பொய் இல்ல" என்றேன்.

அது நடந்து எட்டு மாதம். நாலரை மணிக்கே எழுந்து பழகிய அன்புக்கரசி, இப்போது ஏழு மணிக்கு எழுந்திருக்கிறாள்.