அத்தை மட்டும் வரமாட்டாராம்

“வலிக்காத இடத்தை எதுக்கும்மா படம் எடுக்கணும்?” என்று கேட்டபடியே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார் மாமியார்.

மருமகளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆஸ்பத்திரியில் மார்பகப் பரிசோதனைப் பிரிவில் நர்ஸ் அவள். ஊர்ப் பெண்களை வரவழைக்கப் படாத பாடு படுகிறவளுக்குச் சொந்த வீட்டிலேயே பாச்சா பலிக்கவில்லை. மாமியாரின் அக்கா மார்பில் இருந்த கட்டியைக் கடைசிவரை யாரிடமும் காட்டாமலே போய்ச் சேர்ந்தவர்.

“வலி வந்தப்புறம் பார்த்தா லேட்டு அத்தை. எதிர்வீட்டு டீச்சரையே எடுத்துக்குங்க. கட்டின்னு பதறிக்கிட்டு வந்தாங்க. பார்த்தா வெறும் கொழுப்புக் கட்டி!”

கத்தி நின்றது.

“டீச்சருக்குக் கட்டியா?”

“ஒண்ணுமில்லாத கட்டி அத்தை.”

“அப்ப நான் கண்டிப்பா வரலம்மா.”

இதென்ன நியாயம்? சாட்சியையே கூப்பிட்டுவிடலாம் என்று வாசலுக்கு ஓடினாள். டீச்சர் தன் கணவரின் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டிருந்தார்.

“டீச்சர்! பரிசோதனை அப்படியொண்ணும் வலிக்காதுன்னு எங்க அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன்!”

டீச்சரின் முகம் வெளிறியது. கணவர் திரும்பினார். “என்ன பரிசோதனை?”

“ஐயோ, சாருக்குத் தெரியாதா? பயப்படாதீங்க சார், கட்டி சின்னதுதான்!”

ஸ்கூட்டர் சாய்ந்தது. கூடவே சாரும்.

டீச்சர் கைப்பையால் அவருக்கு விசிறிக்கொண்டே சொன்னார்: “உங்களுக்குப் புண்ணியமாப் போகும், உள்ள போறீங்களா?”

அடுத்து மருமகள் தன் கணவனைப் பிடித்து அத்தையிடம் தள்ளினாள். “பெத்த பிள்ளை சொன்னா கேப்பாங்க. போங்க!”

அவன் போனான். அம்மா முன்னால் நின்றான். காது சிவந்தது. “அம்மா... அது வந்து... ஃபேன் நல்லா ஓடுதா?”

திரும்பி வந்து, “ஓடுதாம்” என்றான்.

இனி பேச்சே கிடையாது. தெரிந்த வேன் டிரைவரை வரச் சொன்னாள். தெருவில் ஹாரன் கேட்டதும் மாமியார் குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டார்.

“அத்தை, உங்க அக்காவை மாதிரி உங்களையும் பறிகொடுக்க என்னால முடியாது!” கதவைத் தட்டித் தட்டி அவள் குரல் உடைந்தது. உள்ளே குழாயைப் பலமாகத் திறந்துவிடும் சத்தம் கேட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். “வண்டி வேண்டாம், நீங்க கிளம்புங்கண்ணே. பரிசோதனைக்கு வரமாட்டேங்கிறாங்க.”

டிரைவர் தலையைச் சொறிந்தார். அவள் கண்ணீரைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை.

“அழாதீங்கம்மா, உங்க மாமியாரை வருஷா வருஷம் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் இதுக்குக் கூட்டிட்டுப் போறேன், நல்லாத்தான் இருக்காங்க, உங்ககிட்ட வந்தா தெருவுக்கே தெரிஞ்சிடும்னு சொன்னாங்க, இப்பத்தான் டீச்சரம்மாவும் அடுத்த தடவைக்கு வேன்ல ஒரு சீட்டு சொல்லிட்டுப் போறாங்க!”